மூன்று முறை அழைத்தும்

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

இங்கே நான் சுகம். வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி ஆரம்பித்திருக்கிறது, மற்றதெல்லாம் இன்னும் என் பக்கம்தான். நீ, உன் மனைவி, குட்டி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டிக்குப் பரீட்சை முடிந்ததா?

முதலில் சண்டை போட்டுவிடுகிறேன். ஒவ்வொரு ஜனவரியும் முதல் வாரம் வந்துவிடுவாய். இரண்டு நாள் என் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, கிளம்பும்போது என் ஓய்வூதிய அட்டையில் "நேரில் பார்த்தேன், உயிருடன் இருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உன் அலுவலகத்துக்கு எடுத்துப்போவாய். "நீ உயிரோட இருக்கறதுக்கு நான்தான்க்கா சாட்சி" என்று பெருமை வேறு. ஏழு வருஷமாக நடந்தது. இந்த வருஷம் சாட்சியையே காணோம்.

உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. இனிமேல் எங்களுக்குப் பெயர் கிடையாதாம், எண்தானாம். நான் ஏழாயிரத்து நாற்பத்திரண்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் ஊரையெல்லாம் எண் சொல்லிக் கூப்பிட்டவளுக்குக் கடைசியில் இது வேண்டியதுதான். சீட்டைச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். நான் யார் என்று மறந்துபோனால் பார்த்துக்கொள்ளலாம்.

போன் பண்ணாதே. எல்லோருடைய பேச்சையும் கேட்டுக் கேட்டு இடது காது முக்கால்வாசி போய்விட்டது, மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பேருந்தில் நின்றுகொண்டே படித்தேன். கோபப்படாதே. இங்கே எல்லோரும் நலம். குட்டி கல்லூரியில் இரண்டாம் வருஷம் போகிறாள். அவள் அம்மா வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடிவிட்டார்கள், அதனால் வீட்டில் இப்போது என் சம்பளம் மட்டும்தான்.

நான் வராததற்குக் காரணம் இருக்கிறது. இந்த வருஷத்திலிருந்து எங்களுக்குச் செயல்திறன் ஊதியம். அதாவது, செய்யும் வேலைக்கு மதிப்பெண், மதிப்பெண்ணுக்குச் சம்பளம். கூடத்தில் பெரிய திரை ஒன்று வைத்திருக்கிறார்கள். எந்த இருக்கை எத்தனை மதிப்பெண் என்று நாள் முழுக்க ஓடும். எங்களுக்கும் பெயர் கிடையாது, நான் இருக்கை பதினொன்று.

ஒரு ஓய்வூதியர் உயிருடன் இருக்கிறார் என்று எழுதினால் ஒரு மதிப்பெண். அந்தக் கோப்பு அடுத்த வருஷம் திரும்பவும் வரும். இறந்துவிட்டார் என்று முடித்துவிட்டால் மூன்று மதிப்பெண், ஏனென்றால் அது திரும்பி வராது. நான் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுதுவேன் இல்லையா? ஒரு வீட்டுக்குப் போய்வர அரை நாள் ஆகும். அதற்கும் அதே ஒன்றுதான். மேலாளர் கூப்பிட்டு, "வீடு வீடா போய் டீ குடிக்கறதுக்கா அரசாங்கம் சம்பளம் குடுக்குது?" என்று கேட்டார்.

தொடர்ந்து மூன்று மாதம் பட்டியலில் பாதிக்குக் கீழே இருந்தால் ஊதிய உயர்வு கிடையாது, கிடங்குக்கு மாற்றம். இந்த மாதம் நான் கடைசி. விடுப்பு எடுத்தால் அதுவும் குறையும். அதனால்தான் வரவில்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 21

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் உன் ஒத்தடத்துக்கு மசியவில்லை. மற்றபடி நன்றாக இருக்கிறேன். உன் மனைவியிடம் மனதை விட்டுவிட வேண்டாம் என்று சொல். தைக்கத் தெரிந்த கை சும்மா இருக்காது.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒன்று மனதில் அரித்துக்கொண்டே இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. எக்ஸ்சேஞ்சில் ஒரு வருஷம் எங்களுக்கும் இப்படிக் கணக்கு வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை இணைப்பு. எண்ணிக்கை குறைந்தால் எல்லோர் முன்னாலும் திட்டு. ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கு லைன் கேட்டாள். அங்கே யாரும் எடுக்கவில்லை. "நான் லைன்லயே இருக்கேன், வெச்சுடாதீங்க, இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஐந்து நிமிஷம் பார்த்தேன். அவளால் என் எண்ணிக்கை நின்றுபோயிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

அந்த மாதம் நான்தான் முதல். ஒரு பேனா கொடுத்தார்கள். அதில் ஒரு எழுத்துகூட எழுதியதில்லை. அந்தப் பெண்ணுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. காது போன பிறகும் அந்தக் குரல் மட்டும் போகவில்லை.

கிடங்குக்கு அனுப்பினால் போ. வீட்டில் ஒரு வேளை குறைத்துச் சாப்பிடுங்கள், நானும் கொஞ்சம் அனுப்புகிறேன். என் அட்டை என்ன ஆகும்? நானே பஸ் ஏறி வந்துவிடட்டுமா?

இப்படிக்கு,
அக்கா

மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன். நீ பணம் எதுவும் அனுப்ப வேண்டாம், பஸ் ஏறவும் வேண்டாம். உன் அட்டையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நல்ல செய்தி. கடைசியில் கிடந்த இருக்கை பதினொன்று மேலே ஏறி நான்காவது இடத்துக்கு வந்துவிட்டது! பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர் இருக்கிறார், கோப்பை முடிக்கிற வேகத்துக்கு நாங்கள் அவரை எக்ஸ்பிரஸ் என்போம். அவர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். நேரில் வராதவர்களைக் கூடத்தில் மூன்று முறை அழைக்க வேண்டும், பதில் இல்லை என்றால் "மூன்று முறை அழைத்தும் வரவில்லை" என்று எழுதி முடித்துவிடலாம் என்று விதியிலேயே இருக்கிறது. பழைய விதிதான், யாரும் பயன்படுத்தியதில்லை.

எக்ஸ்பிரஸ் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்தைப் பூட்டிவிட்டு அழைப்பார். எனக்கு முதலில் சங்கடமாக இருந்தது. "சார், மூணு தடவ கூப்பிடணும்னுதான் ரூல்ல இருக்கு. யாரு காதுலயாவது விழணும்னு இருக்கா? இல்லையே! பேரா சொல்றோம், வெறும் நம்பர்தானே" என்றார். சட்டப்படி சரிதான். முக்கால்வாசிப் பேர் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

காலியான கூடத்தில் எண்ணைச் சொல்லிக் கூப்பிடும்போது குரல் கொஞ்சம் எதிரொலிக்கும். பழகிவிடும் என்கிறார்.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 12

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் எல்லோரும் சௌக்கியம்தானே? ஒன்று கேட்க வேண்டும், அதனால் உடனே எழுதுகிறேன்.

முந்தாநாள், பத்தாம் தேதி, மத்தியானம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். யாரோ கூப்பிட்டார்கள். கேட்காத இடது காதில் கேட்டது, அதுதான் எனக்கு ஆச்சரியம். என் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எக்ஸ்சேஞ்சுப் பழக்கம் விடுமா? கையில் ஈரத்துணியோடு "இருக்கேன்" என்றேன். திரும்பவும் கூப்பிட்டது. "இருக்கேன்." மூன்றாவது தடவை கத்தியே சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி அவள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "யார்கிட்ட பேசறீங்க?" என்றாள்.

அதற்கப்புறம் ஒரு சத்தம் வந்தது. மேஜையில் முத்திரை குத்துகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

சிரிக்காதே. அந்தக் குரல் உன் குரல் மாதிரி இருந்தது. நீ கூப்பிட்டாயா?

அக்கா

மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான். குட்டிக்குக் கல்லூரியில் பணம் கட்டியாகிவிட்டது. அவள் அம்மா உன்னை விசாரித்தாள்.

ஏப்ரல் மாதம் நான்தான் முதல் இடம். நான்காவது இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், பத்தாம் தேதி ஒரே மத்தியானத்தில் நாற்பது கோப்பு முடித்தேன், மேலே ஏறிவிட்டேன். மேலாளர் கை கொடுத்தார். எனக்கும் ஒரு பேனா கொடுத்தார்கள்.

வெயிலில் மாடிக்குப் போகாதே. வயதானால் காதுக்குள் ஏதேதோ கேட்கும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அன்றைக்கு மணி என்ன இருக்கும் என்று பார்த்தாயா? ஒன்றரை இருக்குமா? சும்மா கேட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி, பால்காரர் எல்லோரும் உன்னோடு நன்றாகப் பேசுகிறார்கள் இல்லையா? அதையும் சும்மாதான் கேட்கிறேன்.

தம்பி

ஜூன் 18

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

பால்காரர் மூன்று வாரமாக என் வாசலில் நிற்பதில்லை. ஏமாற்றுகிறார் என்று நினைத்து வழியை மறித்து நின்றேன். சைக்கிளை ஒடித்துத் திருப்பிக்கொண்டு போனார், என்னமோ குழியைத் தவிர்ப்பதுபோல. பேருந்தில் நடத்துனர் டிக்கெட் கேட்பதில்லை. முதல் இரண்டு தடவை சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். மூன்றாம் தடவை ஒரு பெண் என் மடியில் பையை வைத்தாள். எடுக்கவே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி நேற்று என் வீட்டு வாசலைக் காட்டி யாரிடமோ, "பாவம், நல்ல மனுஷி" என்று சொன்னாள். நான் அந்த வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த மாதம் ஓய்வூதியம் வரவில்லை. வங்கியில் அந்தப் பையன் என் புத்தகத்தை வாங்கினான், கணினியைப் பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. புத்தகத்தை யாரோ மறந்துவிட்டுப் போன மாதிரி ஓரமாக எடுத்து வைத்தான்.

கடிதம் மட்டும் போகிறது, வருகிறது. பெட்டியில் போடுகிற கடிதத்துக்கு யார் முகம் பார்க்கிறார்கள்?

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு மணி சரியாக ஒன்றரை.

அக்கா

ஜூன் 27

அக்கா,

உன் எண்ணைப் பார்த்தேன். ஏழாயிரத்து நாற்பத்திரண்டு. ஏப்ரல் பத்தாம் தேதி முடிக்கப்பட்ட கோப்பு. முடித்தது இருக்கை பதினொன்று.

ஜனவரியிலேயே நீ எண்ணை எழுதியிருந்தாய். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு, ஆனால் முதலில் கிளம்பி வா. முடித்த கோப்பைத் திறக்க ஒரே வழிதான் இருக்கிறது. எண்ணை அழைக்க வேண்டும், ஆள் வந்து நிற்க வேண்டும், முடித்தவரே "நேரில் பார்த்தேன்" என்று எழுத வேண்டும். மதிப்பெண் போகும், வேலைக்கே ஆபத்து வரலாம். வரட்டும்.

ஜூலை பத்து. சீட்டை எடுத்துக்கொண்டு வா. அன்றைக்குக் கதவைப் பூட்ட விட மாட்டேன். நானே அழைக்கிறேன். என் சன்னலுக்கு நேரே வந்து நில்.

தம்பி

ஜூலை 12

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். நீ நேற்று முன்தினம் சாப்பிட்டாயா?

ஒன்பது மணிக்கே வந்துவிட்டேன். நீ மெலிந்துவிட்டாய். நீலச் சட்டையின் காலர் கிழிந்திருக்கிறது. உன் மனைவி தையல்காரி, அவளிடம் கொடுக்கக் கூடவா நேரமில்லை?

சுவரோரப் பெஞ்சில் உட்கார இடமில்லை. வரிசையாகப் பெரியவர்கள், கையில் சீட்டோடு. ஒருவர் எனக்கு நகர்ந்து இடம் கொடுத்தார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவராம். இத்தனை நாளுக்கப்புறம் ஒருவர் என்னைப் பார்த்துப் பேசுகிறார் என்று அழுகையே வந்துவிட்டது. "எவ்வளவு நாளா வர்றீங்க?" என்று கேட்டேன். "தினமும்தாம்மா. எங்கள அழைச்ச நாள்லேர்ந்து" என்றார். உன்னைக் காட்டி, "ரொம்ப நல்ல பிள்ளை. முன்னெல்லாம் வீட்டுக்கே வருவாரு. என் கால் புண்ணப் பாத்துட்டு அவரே மருந்து வாங்கிக் குடுத்தாரு. இப்ப பாவம், நேரமில்ல போல" என்றார். அந்தப் பெஞ்சில் ஒருவர்கூட உன்னைத் திட்டவில்லை.

ஒன்றரை மணிக்கு நீ எழுந்து நின்று என் எண்ணைக் கூப்பிட்டாய். "இருக்கேன்" என்று சன்னலுக்கு நேரே வந்து நின்றேன். நமக்கு நடுவில் ஒரு கண்ணாடிதான். நீ என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாய். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது கண்ணாடியைத் தட்டினேன். மூன்றாவது தடவை உனக்குக் குரல் உடைந்துவிட்டது. நான் கத்தினேன். பெஞ்சில் இருந்தவர்களும் எனக்காகக் கத்தினார்கள். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். வரும் வழியெல்லாம் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி லைன் ஞாபகம் வந்தது, உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

ஒன்று மட்டும் உண்மையாகச் சொல். ஏப்ரல் பத்தாம் தேதி நான் சொன்னது உனக்குக் கேட்டதா, இல்லையா?

அக்கா

ஆகஸ்ட் 3

அக்கா,

இதை உன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ கொடுத்து வைத்திருந்த சாவியால் திறந்துகொண்டு வந்தேன். எல்லா அறையிலும் தேடிவிட்டேன். மாடியில் ஈரத்துணி காய்கிறது. தேடிவிட்டு இறங்கி வந்தால் மேஜைமேல் ஒரு டம்ளர் டீ, ஆவி பறக்கிறது. பயமாகவும் இருக்கிறது, பசியாகவும் இருக்கிறது.

கேட்டது, அக்கா.

அன்றைக்கு முப்பத்தொன்பது முடித்திருந்தேன். நாற்பதாவது கோப்பை முடித்தால் முதலிடம். எண்ணைக் கூப்பிட்டேன். காலியான கூடத்திலிருந்து "இருக்கேன்" என்று வந்தது. உன் குரல். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பிவிட்ட குரல் எனக்குத் தெரியாதா? உன் எண் என்று தெரியாது, ஆனால் குரல் தெரிந்தது. மூன்று தடவையும் கேட்டது. எக்ஸ்பிரஸ் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தினமும் கேட்கும் என்று அப்போதுதான் புரிந்தது. "பழகிடும் சார்" என்றார். நான் "அழைத்தும் வரவில்லை" என்று எழுதி முத்திரை குத்தினேன்.

போன மாதம் பத்தாம் தேதியும் கேட்டது. கண்ணாடி அதிர்ந்ததையும் பார்த்தேன். உன்னைத்தான் பார்க்க முடியவில்லை.

முடித்த கோப்புகளின் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எடுத்து வந்ததற்கே வேலை போய்விடும். குட்டியிடமும் அவள் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். கேட்டும் கேட்கவில்லை என்று எழுதியவன் நான். இப்போது பார்க்காமலே "நேரில் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறேன். இரண்டில் இதுதான் உண்மைக்குப் பக்கம். பக்கத்தில் நீ கையெழுத்துப் போட்டால் கோப்பு திறந்துவிடும்.

பதிவேட்டையும் பேனாவையும் மேஜையில் விரித்து வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன். அரை மணி நேரம் கழித்து உள்ளே வருவேன்.

தம்பி

அதே தாளின் பின்பக்கம்

அன்புத் தம்பிக்கு,

இருக்கேன்.

கேட்டது என்று எழுதினாய் பார், அது போதும். இனிமேல் நிம்மதியாகத் தூங்குவேன்.

கையெழுத்துப் போடவில்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். எனக்கு முன்னால் அதே தேதியில் முப்பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். அவர்களும்தான் இருக்கேன் என்று சொன்னார்கள், உனக்குத் தெரிந்த குரலாக இல்லை, அவ்வளவுதான். அவர்களையெல்லாம் பெஞ்சில் விட்டுவிட்டு, தம்பி இருக்கிற ஒரே காரணத்துக்காக நான் மட்டும் எப்படி எழுந்து வருவது? முகவரி எல்லாம் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. முன்னே போன மாதிரியே வீடு வீடாகப் போ. அந்த ரயில் கார்டு வீட்டில் ஆரம்பி. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிரு, கால் புண் எப்படி இருக்கிறது என்று கேள். பதில் வரும். அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகு என்னிடம் வா. நாற்பதாவதாகத்தானே என்னை எழுதினாய், நாற்பதாவதாகவே வா.

நீ வாசலில் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். காலர் இன்னும் கிழிந்தே இருக்கிறது. நாற்காலியில் ஊசியும் நூலும் வைத்திருக்கிறேன், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வா. அதற்குள் தைத்துவிடுவேன். டீ ஆறிவிட்டால் சுடவைத்துக் குடி.

உடம்பைப் பார்த்துக்கொள். குட்டியைக் கேட்டதாகச் சொல்.

திரும்பி வரும்போது அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிடாதே. அக்கா என்று கூப்பிடு. ஒரு தடவை போதும்.